"பிரிந்து நில்லுங்கள்" என்றபோது நகராத மாணவர்கள்: ருவாண்டா தன் பிள்ளைகளுக்கு அமைதியைக் கற்றுத்தருவது எப்படி?

1997ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி இரவு. ருவாண்டாவின் மேற்கே நியாங்கே என்ற ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் இரவுப் படிப்பில் இருந்தார்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் வகுப்புக்குள் நுழைந்தார்கள். ஹூட்டுகள் ஒரு பக்கம், டுட்ஸிகள் ஒரு பக்கம் பிரிந்து நிற்கவேண்டும் என்று உத்தரவு.

யாரும் நகரவில்லை. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் ருவாண்டாக்காரர்கள்தான் என்று மாணவர்கள் பதில் சொன்னார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. கையெறி குண்டுகள் வீசப்பட்டன. மாணவர்கள் சிலர் மாண்டார்கள். பலர் காயமடைந்தார்கள்.

அந்த வகுப்பில் ஹூட்டு மாணவர்களும் இருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். அப்போது நாட்டில் இனப்படுகொலை முடிந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. இன்று அந்த மாணவர்களை ருவாண்டா தேசிய வீரர்களாகக் கொண்டாடுகிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 7ஆம் தேதி, 1994 ருவாண்டா இனப்படுகொலையை ஐக்கிய நாட்டு நிறுவனம் நினைவுகூர்கிறது. அந்த நாளில் நினைவுச்சுடர் ஏற்றும் படங்களை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சுடர் ஏற்றிய மறுநாள் என்ன நடக்கிறது? கொன்றவரின் பிள்ளையும் கொல்லப்பட்டவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில், சில நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும் நாட்டில், ஆசிரியர் எதைச் சொல்லிக்கொடுப்பார்? இந்த விளக்கக் கட்டுரை அதைப் பற்றியது.

பள்ளிக்கூடமே பிரித்த காலம்

நியாங்கே மாணவர்களுக்கு அந்த உத்தரவு புதிதல்ல. 1994க்கு முன் பல தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களே அதைச் சொன்னார்கள். "ஹூட்டுப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்", "டுட்ஸிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று எண்ணிக்கை எடுப்பார்கள். அந்தத் தலைமுறையினர் பலர் தங்கள் வாக்குமூலங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். தான் எந்தப் பிரிவு என்பதே தெரியாமல் பள்ளிக்குப் போன பிள்ளை, வீட்டுக்கு வந்து "அம்மா, நாம யாரு?" என்று கேட்ட கதைகள் ஏராளம்.

தெரியாமல் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். ஹூட்டு, டுட்ஸி, ட்வா என்ற மூன்று பிரிவினருக்கும் மொழி ஒன்றே, கின்யருவாண்டா. சமயமும் பெரும்பாலும் ஒன்றே. ஒரே குன்றில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். தங்களுக்குள் திருமணமும் செய்துகொண்டார்கள். முன்பு ஓரளவு இளகியிருந்த அந்தப் பிரிவினையை இறுக்கிக் கட்டியது காலனி ஆட்சி. முதலில் ஜெர்மனி, பிறகு பெல்ஜியம். 1930களில் பெல்ஜிய அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் இனம் குறித்த அடையாள அட்டை கொடுத்தார்கள். திருச்சபைப் பள்ளிகளில் டுட்ஸிப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை தந்தார்கள்.

1962இல் நாடு விடுதலை பெற்றபோது காற்று மறுபக்கம் திரும்பியிருந்தது. அதிகாரம் ஹூட்டு அரசியல்வாதிகளிடம் போனது. 1959 முதல் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து ஏராளமான டுட்ஸிகள் அண்டை நாடுகளுக்கு ஓடினார்கள். 1973இல் ஆட்சிக்கு வந்த ஜுவெனல் ஹபியரிமானாவின் காலத்தில் உயர்நிலைப் பள்ளி இடங்கள் இனத்துக்கும் வட்டாரத்துக்கும் இத்தனை என்று ஒதுக்கப்பட்டன. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த டுட்ஸிப் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனது சர்வசாதாரணம். டுட்ஸிகள் எங்கிருந்தோ வந்து நாட்டைப் பிடித்தவர்கள் என்பது வரலாற்றுப் பாடமாகவே இருந்தது.

நம் அடையாள அட்டையிலும் இனம் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அட்டை மட்டும் யாரையும் கொல்வதில்லை. ஆனால் 1994இல் ருவாண்டாவின் சாலைத் தடுப்புகளில், அட்டையில் இருந்த அந்த ஒரு சொல்தான் ஒருவர் வீடு திரும்புவாரா இல்லையா என்பதை முடிவு செய்தது.

அதனால்தான் ருவாண்டாவில் அமைதிக் கல்வி என்பது ஏற்கெனவே நல்லபடியாக இருந்த பள்ளியில் புதிதாக ஒரு பாடம் சேர்க்கும் வேலை அல்ல. நஞ்சு ஊட்டிய அதே கையால் மருந்தும் ஊட்டவேண்டிய கட்டாயம்.

100 நாள்

1994 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு, அதிபர் ஹபியரிமானா சென்ற விமானம் கிகாலிக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மணி நேரத்தில் கொலைகள் தொடங்கிவிட்டன. ஏறக்குறைய 100 நாளில் கொல்லப்பட்டோர் 800,000 பேர் என்பது ஐநா வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ருவாண்டா அரசாங்கம் 1 மில்லியனுக்கும் மேல் என்கிறது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் டுட்ஸிகள். கொலைகளை எதிர்த்த ஹூட்டுகளும் தப்பவில்லை. பால் ககாமே தலைமையிலான ஆர்பிஎஃப் என்னும் ருவாண்டா தேசபக்த முன்னணியின் படை ஜூலை 4ஆம் தேதி தலைநகர் கிகாலியைக் கைப்பற்றியது. அதே மாதத்தில் நாடு முழுவதும் அதன் கைக்கு வந்தது.

பள்ளிகளைப் பொறுத்தவரை இரண்டு இடங்களை மட்டும் சொல்லவேண்டும். கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி. அங்கு முகாமிட்டிருந்த பெல்ஜிய அமைதிகாப்புப் படையினரை நம்பி சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி படை வெளியேறியது. வெளியே காத்திருந்த கொலைக்கும்பலின் கையில் அவர்கள் சிக்கினார்கள். இன்னொன்று தெற்கே முரம்பி. அப்போது கட்டி முடிக்கப்படாத தொழிற்பள்ளி அது. பாதுகாப்பு கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னதை நம்பி அங்கே போன பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். சுண்ணாம்பில் பதப்படுத்திய உடல்கள் இன்றும் அந்த வகுப்பறைகளில் இருக்கின்றன. முரம்பி உட்பட நான்கு நினைவிடங்களை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

மாணவர்களைக் காட்டிக்கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். தாங்களே கொன்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். மாணவர்களைக் காக்கப் போய் உயிரை விட்டவர்களும் இருந்தார்கள். 1994 பிற்பகுதியில் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியது இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்குத்தான்.

வரலாறு இல்லாத வகுப்பறை

புதிய அரசாங்கம் எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று, அடையாள அட்டையிலிருந்து இனத்தை எடுத்தது. இன்னொன்று, பள்ளிகளில் ருவாண்டா வரலாறு கற்பிப்பதை நிறுத்திவைத்தது. பழைய பாடநூல் ஆபத்தானது, புதிய பாடநூல் கிடையாது. எதை எழுதுவது என்பதில் ஒத்த கருத்தும் இல்லை. தற்காலிகம் என்று தொடங்கிய இந்த இடைவெளி பத்தாண்டையும் தாண்டியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாலையோரம் மண்டை ஓடுகள் வைத்த நினைவிடம். ஏப்ரல் வந்தால் ஊரே துக்கம் அனுசரிக்கிறது. அப்பா சிறையில். பக்கத்து வீட்டு அம்மா யாரோடும் பேசுவதில்லை. ஆனால் பள்ளியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வீட்டில் கேட்டார்கள். வீட்டில் கிடைத்த பதில் அந்த வீடு எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்தது. பள்ளி வாய் மூடியிருந்த ஆண்டுகளில் சமையலறைதான் வரலாற்று வகுப்பு.

2000களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுக் கல்வியாளர்களின் உதவியோடு வரலாற்றுப் பாடத்துக்கான கருவிநூல்கள் தயாராயின. ஒரே நிகழ்வுக்குப் பல சான்றுகளைக் கொடுத்து மாணவர்களை விவாதிக்க வைப்பது அவற்றின் நோக்கம். ஆசிரியர்களுக்கு இது பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. ஏன் பயம் என்பதற்குப் பிறகு வருவோம்.

2015இல் அறிமுகமாகி 2016இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் இரண்டு விஷயங்களை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக்கியது. ஒன்று இனப்படுகொலை பற்றிய கல்வி, இன்னொன்று அமைதியும் நன்னெறியும். அதாவது தனிப் பாடவேளை கிடையாது. மொழி ஆசிரியர், சமூகவியல் ஆசிரியர், ஏன், கணித ஆசிரியர்கூடத் தம் பாடத்தின் ஊடே அதைக் கொண்டுவரவேண்டும். திட்டமாகப் பார்த்தால் அழகு. ஆனால் எல்லாருடைய பொறுப்பு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இது தெரியும்!

புல்தரை நீதிமன்றம்

வகுப்பறைக்கு வெளியே பெரியவர்களுக்கும் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. முக்கியப் புள்ளிகளை விசாரிக்க ஐநா தான்ஸானியாவின் அரூஷாவில் தனி நீதிமன்றம் அமைத்தது. 2015 வரை இயங்கிய அது 93 பேர் மீது குற்றம் சாட்டியது. ஆனால் ருவாண்டாவின் சிறைகளிலோ 1990களின் இறுதியில் 100,000க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்கள் அத்தனை வழக்குகளையும் முடிக்கவேண்டும் என்றால் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஆகியிருக்கும்.

ஆகவே ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் உட்கார்ந்து பூசல்களைத் தீர்க்கும் பழைய முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். பெயர் கச்சாச்சா. அந்தச் சொல்லே புல்லிலிருந்து வந்தது. 2002இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2012 ஜூனில் முடிந்தது. சுமார் 12,000 ஊர் நீதிமன்றங்கள். 1 மில்லியனுக்கும் அதிகமான வழக்குகள். நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர், ஊர்மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு உண்மையைச் சொன்னால் தண்டனை குறையும். பாதியைச் சமூக சேவையாகக் கழிக்கலாம்.

இதனால் கிடைத்த பெரிய பலன் தகவல். "என் பிள்ளையை எங்கே புதைத்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பல தாய்மார்களுக்குப் பதில் கிடைத்தது. உடலை எடுத்து முறைப்படி அடக்கம் செய்தார்கள். குறைகளும் பெரியவை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லை. சாட்சி சொன்னவர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லவும் பட்டார்கள். தண்டனை குறையும் என்பதற்காக மட்டும் சொல்லப்பட்ட மன்னிப்பும் இருந்தது. மன்னிக்கும்படி ஊரே எதிர்பார்ப்பதால் வேறு வழியின்றித் தலையாட்டிய விதவைகளும் இருந்தார்கள். மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் மேல் விழும் கூடுதல் வேலையாக மாறிவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ருவாண்டாவில் பல இடங்களில் அப்படித்தான் ஆனது.

அமைதிக் கல்வி வகுப்பில் என்ன நடக்கிறது?

கிகாலியின் கிசோசி குன்றில் உள்ள நினைவிடத்தில் 250,000க்கும் அதிகமானோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 2004இல் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளுக்கென்று ஓர் அறை. பெரிய புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளைக்குப் பிடித்த உணவு, பிடித்த விளையாட்டு, எப்படிக் கொல்லப்பட்டது என்பது போன்ற சில வரிகள். எண்கள் செய்யாததை அந்த வரிகள் செய்துவிடும்.

ஆனால் அதிர்ச்சி மட்டும் கல்வியாகாது. நினைவிடத்தை நடத்தும் ஏஜிஸ் அறக்கட்டளை 2008இலேயே மாணவர்களுக்கான வகுப்புகளைத் தொடங்கியது. பிறகு மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து 2013 முதல் 2016 வரை நாடளாவிய அமைதிக் கல்வித் திட்டத்தை நடத்தியது. நடமாடும் கண்காட்சி மாவட்டம் மாவட்டமாகப் போனது. வகுப்பில் சொல்லப்படும் முக்கியக் கருத்து இதுதான்: பெருங்கொலை திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை, அது படிப்படியாக ஏறுகிறது. முதலில் ஒரு கேலிச்சொல். பிறகு ஒதுக்கல். பிறகு சட்டம். கடைசியில்தான் கத்தி. டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சி என்று சொல்ல ஆரம்பித்தபோது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் இறங்க வழி இருந்தது என்பதையும் காட்டுகிறார்கள்.

இறங்க வழி இருந்தது என்பதற்குச் சான்று, காப்பாற்றியவர்கள். அவர்களில் ஒருவர் சுரா கருஹிம்பி. மூலிகை வைத்தியம் பார்த்த மூதாட்டி. தன் சிறிய வீட்டில் 100க்கும் மேற்பட்டோரை ஒளித்து வைத்திருந்தார். கொலைக்கும்பல் வாசலுக்கு வந்தபோது அவரிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் அவர் சூனியக்காரி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதையே ஆயுதமாக்கினார். தோலில் பட்டால் அரிக்கும் செடியை உடம்பிலும் வீட்டிலும் பூசிக்கொண்டார். உள்ளே வந்தால் ஆவிகள் சும்மா விடாது என்று மிரட்டினார். வந்தவர்கள் தயங்கித் திரும்பினார்கள். 2018இல் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்கும் மாணவன் ஹூட்டுக் குடும்பத்தவனாக இருந்தால் அவனுக்கு ஒரு கதவு திறக்கிறது. "உன் மக்கள் கொலைகாரர்கள்" என்பதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை ஒன்று நொறுங்கும், அல்லது மறுக்கும். இரண்டுமே சமாதானத்துக்கு உதவாது.

வானொலி கற்றுக்கொடுத்த ஒரு பாடம்

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகச் சுவையான பதில் பள்ளியிலிருந்து வரவில்லை, ஒரு வானொலி நாடகத்திலிருந்து வந்தது.

1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் என்ற வானொலி, பாட்டும் நகைச்சுவையுமாக வெறுப்பைப் பரப்பியது. கொலைகள் நடந்தபோது யாரைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்றுகூட அறிவித்தது. ஒலிபரப்புத் துறையில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல, தொழில் எச்சரிக்கை. பத்தாண்டு கழித்து, 2004இல், அதே வானொலிப் பெட்டிகளில் இன்னொரு குரல் கேட்டது. முசெகெவேயா என்ற தொடர் நாடகம். பெயருக்குப் பொருள் புதிய விடியல்.

கதையில் இரண்டு ஊர்கள். புமான்சி, முஹுமுரோ. ஹூட்டு, டுட்ஸி என்ற சொற்களே கிடையாது. நிலத் தட்டுப்பாடு வருகிறது, பொறாமை வளர்கிறது, தலைவர்கள் தூண்டிவிடுகிறார்கள். ஊர் விட்டு ஊர் ஷேமாவும் படமுரிஸாவும் காதலிக்கிறார்கள். தலைவர்களை எதிர்த்துப் பேச இளையர்கள் துணிகிறார்கள். கேட்பவர் அத்தனை பேருக்கும் இது எதைப் பற்றிய கதை என்று புரியும். நாடகத்துக்குப் பின்னால் இருந்த உளவியல் கருத்துகள் பேராசிரியர் எர்வின் ஸ்டாப் என்பவருடையவை. ஹங்கேரியில் சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பியவர் அவர்.

எலிசபெத் லெவி பாலக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த நாடகத்தை ஓராண்டு சோதித்துப் பார்த்தார். சில சமூகங்களில் மக்களைக் கூட்டி முசெகெவேயாவைக் கேட்க வைத்தார். மற்ற சமூகங்களில் உடல்நலம் பற்றிய வேறு நாடகம். ஆண்டு முடிவில் இரு தரப்பையும் ஒப்பிட்டார். 2009இல் முடிவுகள் வெளியாயின.

முசெகெவேயா கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மனத்துக்குள் இருந்தது அப்படியே இருந்தது. மாறியது வேறு. நம் ஊரில் எது வழக்கம், எதைச் சொன்னால் தப்பில்லை என்ற கணிப்பு மாறியிருந்தது. பிள்ளைகள் தம் பிரிவுக்குள்தான் திருமணம் செய்யவேண்டும் என்று அறிவுரை சொல்வதை அவர்கள் கூடுதலாக ஏற்கவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் வாய் திறக்கவேண்டும் என்றார்கள்.

கேள்வித்தாளோடு அவர் நிறுத்தவில்லை. கடைசி நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு ஒலிப்பெட்டியும் நாடகத்தின் ஒலிநாடாக்களும் பரிசாகக் கொடுக்கப்பட்டன. பெட்டியை யார் வைத்துக்கொள்வது? உடல்நல நாடகம் கேட்ட குழுக்களில் பெரும்பாலும் யாரோ ஒருவர், "உள்ளூர் அதிகாரியிடம் கொடுத்துவிடலாம்" என்றார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், முடிந்தது. முசெகெவேயா குழுக்களிலோ பேச்சு நீண்டது. ஒருவர் அப்படிச் சொன்னால் இன்னொருவர் மறுத்தார். நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவு அங்கே அதிகம் வந்தது.

ஒரு பெட்டிக்காக வாதாடியது பெரிய விஷயமா என்று கேட்கிறீர்களா? 1994இல் கத்தி எடுத்தவர்கள் எல்லாரும் வெறுப்பில் எடுக்கவில்லை. மேலிடத்து உத்தரவு, பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், மறுத்தால் என் கதி என்ன என்றே பலர் போனார்கள். அதிகாரி சொன்னதை மறுத்துப் பேசும் பழக்கம் அந்த நாட்டில் உயிர் காக்கும் பழக்கம். நியாங்கே மாணவர்கள் செய்ததும் அதைத்தான்.

வகுப்பில் கேட்க முடியாத கேள்வி

இங்கேதான் சிக்கல் வருகிறது. அமைதிக் கல்வி வேலை செய்வதற்குத் தேவையானது, துணிந்து மாற்றுக் கருத்து சொல்வது. அந்த இடம்தான் ருவாண்டாவில் குறுகலாக இருக்கிறது.

இனப்படுகொலைச் சித்தாந்தத்துக்கு எதிராக 2008இல் ஒரு சட்டம் வந்தது. இனப்படுகொலையை மறுப்பதையும் வெறுப்பைத் தூண்டுவதையும் தடுப்பது நோக்கம். அந்த நாட்டின் காயத்தைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது என்று புரியும். ஆனால் எது குற்றம் என்பது அதில் தெளிவாக இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் குறைகூறின. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக்கூட மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்ப அதில் இடமிருந்தது. பிறகு சட்டம் இருமுறை மாற்றி எழுதப்பட்டது. இருந்தாலும் ஆசிரியர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வகுப்பில் ஒரு மாணவன் தவறான கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வது யார்? பல ஆசிரியர்கள் பாடநூலில் இருப்பதை வாசித்துவிட்டுப் போவதே நல்லது என்று முடிவெடுத்ததில் வியப்பில்லை.

மாணவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளில் ஒன்று: "என் தாத்தா ஹூட்டு, அவர் யாரையும் கொல்லவில்லை. அவரை ஆர்பிஎஃப் படையினர் கொன்றார்கள். அவருக்காக நான் எங்கே அழுவது?" 1994இலும் அதற்குப் பிறகும் அந்தப் படையினர் பொதுமக்களைக் கொன்றதை ஐநா அதிகாரிகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்திருக்கிறார்கள். இனப்படுகொலையோடு இதைத் தராசில் வைக்க முடியாது. இரண்டும் சமம் என்பவர்கள் பலர் உண்மையில் இனப்படுகொலையை மறுக்கவே அப்படிச் சொல்கிறார்கள். அதற்காக அந்தப் பேரனின் துக்கம் இல்லாமல் போய்விடுமா?

கிசிட்டோ மிஹிகோவின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இனப்படுகொலையில் தந்தையைப் பறிகொடுத்த டுட்ஸி அவர். புகழ்பெற்ற பக்திப் பாடகர். 2010இல் தன் பெயரில் ஓர் அமைதி அறக்கட்டளை தொடங்கி, பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் போய் நல்லிணக்கம் பற்றிப் பேசினார். அரசு விழாக்களில் பாடினார். 2014இல், இனப்படுகொலையில் மாண்டவர்களோடு மற்ற வன்செயல்களில் மாண்டவர்களுக்காகவும் இரங்கும் பாடலை வெளியிட்டார். சில வாரங்களில் கைது. அரசாங்கத்துக்கு எதிராகச் சதி செய்தார் என்று 2015இல் 10 ஆண்டுச் சிறை. 2018இல் மன்னிப்பு. 2020 பிப்ரவரியில் மீண்டும் பிடிபட்டு, சில நாளில் காவல்துறைத் தடுப்பில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது காவல்துறை. சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று அனைத்துலக அமைப்புகள் கேட்டன. நாட்டின் மிகப் பிரபலமான அமைதிக் கல்வியாளர்களில் ஒருவருக்கு நேர்ந்தது இது.

இன்னொரு பக்கம், உதவித்தொகை. தப்பிப் பிழைத்த பிள்ளைகள் படிக்க 1998இல் அரசாங்கம் நிதி அமைத்தது. அது இல்லாவிட்டால் பல அநாதைப் பிள்ளைகள் பள்ளி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் இனத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பள்ளியில், யாருக்கு அந்த நிதி வந்தது என்று பார்த்தாலே யார் யார் என்று தெரிந்துவிட்டது. அதே வகுப்பில் அதே அளவு ஏழையான ஹூட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. நியாயமான உதவிதான். மனக்கசப்பும் உண்மைதான்.

அரசாங்கத்தின் பதில் என்ன? "ஆப்பிரிக்காவின் சிங்கப்பூர்" என்று பலர் அழைக்கும் நாடு இது. ஒழுங்கு, தூய்மை, பாதுகாப்பு, மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுப்பணி. கட்டுப்பாடு இல்லாவிட்டால் 1994 திரும்பும் என்பது அதிகாரிகளின் வாதம். நல்லிணக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று அரசாங்க ஆணையம் எடுத்த கருத்தாய்வில் 2010இல் 82.3 விழுக்காடு, 2015இல் 92.5, 2020இல் 94.7. நல்ல எண்கள். ஆனால் அதிகாரி கேட்கும்போது எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று நன்றாகத் தெரிந்த மக்களிடம் எடுத்த எண்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

மற்ற நாடுகளில்?

மௌனமும் பிரிவினையும் ருவாண்டாவுக்கு மட்டும் உரியவை அல்ல. நமக்குப் பக்கத்தில் கம்போடியா. கெமர் ரூஜ் ஆட்சி 1979இல் விழுந்தது. அந்த ஆட்சியைப் பற்றி மாணவர்களுக்கென்று கம்போடியர் ஒருவர் எழுதிய முழு நூல் வந்தது 2007இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்து, அப்படியெல்லாம் நடந்ததா என்று பெற்றோரையே சந்தேகப்பட்டது.

போஸ்னியாவிலோ, "ஒரே கூரையின்கீழ் இரண்டு பள்ளிகள்" என்ற ஏற்பாடு போருக்குப் பிறகும் தொடர்கிறது. ஒரே கட்டடம், போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோஷியப் பிள்ளைகளுக்கு வேறு பாடத்திட்டம். யாயிட்சே நகரில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் அப்படிப் பிரிக்க ஒரு திட்டம் வந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2017இல் திட்டம் கைவிடப்பட்டது.

இப்போது வீடு திரும்புகிறவர்கள்

இன்றைய ருவாண்டா மக்களில் பெரும்பாலோர் 1994க்குப் பிறகு பிறந்தவர்கள். எல்லை தாண்டி கிழக்குக் காங்கோவில் போர். 2025 ஜனவரியில் கோமா நகரைப் பிடித்த எம்23 கிளர்ச்சிக்காரர்களுக்கு ருவாண்டா உதவுகிறது என்கிறார்கள் ஐநா வல்லுநர்கள், ருவாண்டா மறுக்கிறது. டுட்ஸிகளுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு அந்த வட்டாரத்தில் மீண்டும் கேட்கிறது. உள்நாட்டில் வேறு ஒன்று நடக்கிறது. 20, 25, 30 ஆண்டுத் தண்டனை பெற்றவர்கள் இப்போது ஒருவர் பின் ஒருவராக விடுதலையாகி வருகிறார்கள். போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாருடைய குடும்பத்தை அவர் அழித்தாரோ, அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். பள்ளியில் சேர்ந்து விளையாடும் இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் இனி யார் என்ன சொல்வது?

இதற்கென்று பள்ளிக்கு வெளியே நடக்கும் முயற்சிகளில் ஒன்று வடக்கே பியூம்பாவில் 2005இல் தொடங்கியது. 10 முதல் 15 பேர் கொண்ட குழு. தப்பிப் பிழைத்தவர், சிறையிலிருந்து வந்தவர், கைதியின் மனைவி என்று கலந்து உட்காருவார்கள். வாரம் ஒருமுறை சுமார் மூன்று மணி நேரம், 15 வாரம். பேச்சை நடத்துபவர் அதே ஊர்க்காரர், பயிற்சி பெற்றவர். சொற்பொழிவு கிடையாது. இன்று அதில் இளையர்களும் உட்காருகிறார்கள்.

படிகள் ஆறு. முதலில் பாதுகாப்பு, பிறகு நம்பிக்கை, பிறகு ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வது, பிறகு மரியாதை, பிறகு புதிய வாழ்வுக்கான விதிகளை வகுத்துக்கொள்வது. நினைவுகளைப் பற்றிய பேச்சு ஆறாவது.